எழுத்தெழுத்தாக வாசித்த காலம்

அன்று காலை என் மேசையில் இருந்தது ஒரு கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். முன்னட்டையில் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். திருகோணமலை நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்வெட்டு, கலியாணக் கார்ட், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், பள்ளிவாசல் கூட்ட அறிவித்தல், எங்கள் தேவாலயத்தின் பாட்டுத் தாள் என்று எல்லாம் என் கண்ணைக் கடந்துதான் இயந்திரத்துக்குப் போகும்.

முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். வாசிக்க முடியவில்லை. எழுத்துக்கள் மங்கவில்லை, ஆடவில்லை. கறுப்பாக, கூர்மையாக, வழக்கம்போல வரிசையில் நின்றன. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ நான் படிக்காத ஒரு மொழியின் பக்கத்தைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது.

எங்கள் தொழிலில் இப்படி நடப்பது உண்டு. ஒரு கணினியில் தட்டிய தமிழை இன்னொன்றில் திறந்தால் எழுத்துரு பொருந்தாமல் எல்லாம் குழம்பி வரும். எனக்கு முதலில் வந்த எண்ணமும் அதுதான். வடிவமைப்புச் செய்யும் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இதில பொன்ட் மாறிப்போச்சு. திரும்ப எடுத்துத் தாரும்."

அவள் எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். "இல்லையே அக்கா, சரியாத்தானே கிடக்கு."

"எங்க, வாசியும் பாப்பம்."

அவள் வாசித்தாள். இறந்துபோன அம்மாவின் பிறந்த ஊர், தாய் தகப்பன், பிள்ளைகள், மருமக்கள். அவள் வாசித்ததெல்லாம் விளங்கியது. அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். சற்று முன் நானே திருத்திய பக்கம். அதுவும் அப்படியே இருந்தது. விளிம்பில் சிவப்புப் பேனையால் நான் எழுதியவையும் யாரோ எழுதியவை போலிருந்தன.

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியபோது வலப்பக்கம் இருந்த தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. அங்கே கோப்பை இருந்ததை நான் காணவேயில்லை. சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் பாலத்தால் வந்து போகிறவர். எங்களுக்கெல்லாம் அவர் நாநா, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"நாநா, எனக்கு வாசிக்க ஏலாமக் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "நடங்க, ஆசுபத்திரிக்குப் போவம். கதையெல்லாம் பொறகு" என்று சொல்லிவிட்டு வீதிக்கு இறங்கி ஓட்டோவை மறித்தார். அன்று அவர், கொஞ்ச நேரம் படுங்கள், கண் களைத்திருக்கும், பின்னேரம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு முதற்காரணம் அவர் அப்படிச் சொல்லாததுதான்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் மெக்கானிக். எண்ணெய்க் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடிவந்து வாட்டு வாசலில் நின்றார். பேச்சு எனக்கு ஒழுங்காக இருந்தது. கைகால் ஒழுங்காக இருந்தது. அவருடைய பெயர், எங்கள் கலியாண நாள், மகள் இப்போது இருக்கும் ஊர் எல்லாம் தெரிந்தன. இதைக் கண்டு அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வைத்தியர் வந்தார். தமிழர், நாற்பது வயதிருக்கும். ஒரு தாளும் பேனையும் தந்து, "அம்மா, ஏதாவது ஒரு வசனம் எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். கை தயங்கவேயில்லை. இந்த வாட்டில் நுளம்புக்கடி அதிகம் என்று எழுதியதாக நினைவு. அவர் தாளை வாங்கி வாசித்துச் சிரித்தார். பிறகு வேறு நோயாளியைப் பார்க்கப் போய், சற்று நேரம் கழித்து வந்து அதே தாளை என்னிடம் நீட்டினார்.

"இதை வாசியுங்கோ."

என் கையெழுத்து. அந்தச் சுழிப்பு என்னுடையது என்று தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. அன்றுதான் நான் அழுதேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அழாதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இவ்வளவு நாளும் ஒரு சொல்லை எப்பிடி வாசிச்சனீங்கள்?"

"எப்பிடி எண்டா… பார்த்தன், விளங்கினது."

"ஓம். அவ்வளவு கெதியா நடக்கிறபடியாத்தான் ஒருத்தருக்கும் அது தெரியிறேல்லை. வாசிக்கேக்க கண் வரியில வழுக்கிக்கொண்டு போறேல்லை. ஒரு இடத்தில நிக்கும், பாயும், மற்ற இடத்தில நிக்கும். நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள சொல்லின்ர எழுத்தெல்லாம் ஒரேயடியா உள்ள போகுது. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு இல்லை, எல்லாம் சேர்ந்து. சின்ன வயசில எழுத்துக் கூட்டித்தான் துவங்கினீங்கள். வாசிச்சு வாசிச்சு, மூளையின்ர இடப்பக்கத்தில பின்னால ஒரு சின்ன இடம் அந்த வேலைக்கெண்டே பழகிப்போச்சு. உங்களுக்கு இப்ப அந்தப் பக்கம் போற இரத்தக் குழாய் ஒண்டு அடைபட்டிட்டுது. கண் நல்லம். தமிழ் நல்லம். கண்ணுக்கும் தமிழுக்கும் நடுவில இருந்த பாதைதான் பழுது."

"அப்ப எப்பிடி எழுதினனான்?"

"எழுதுறது வேற பாதை. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "பார்வையில வலப்பாதியும் போயிருக்கு. கோப்பையைத் தட்டினதெண்டு சொன்னீங்கள்தானே, அது அதாலதான். திரும்ப வருமா எண்டு கேட்டா, கொஞ்சம் வரும். எவ்வளவு எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

பொய் சொல்ல மாட்டன் என்று அவர் சொன்னதே எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான், ஒரு நாளில் மனிதர் எத்தனை தடவை வாசிக்கிறோம் என்பது தெரிந்தது. மருந்துப் பெட்டி, சீனி பைக்கற், மின்சாரப் பில், கைத்தொலைபேசியில் மகள் அனுப்பும் செய்தி, தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரி. இலக்கங்கள் பிழைத்திருந்தன. விலையும் நேரமும் தெரியும், என்ன சாமான், என்ன பஸ் என்பது தெரியாது. வீதிப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். முன்பு தமிழ் ஓடும், ஆங்கிலம் நடக்கும், சிங்களம் நொண்டும். இப்போது மூன்றும் எனக்கு ஒன்றுதான். கடைக்கு என்ன வேண்டும் என்று குசினியில் இருந்து எழுதிக் கணவரிடம் கொடுப்பேன். கொடுத்த கையோடு, "என்ன எழுதினனான், வாசியுங்கோ" என்று கேட்பேன். அவர் அலுக்காமல் வாசிப்பார்.

தனித்தனி எழுத்துக்கள் சில கிழமைகளில் மெல்லத் திரும்பின. ஒரு எழுத்தை உற்றுப் பார்த்தால், இது ப, இது ம என்று வரும். ஆனால் அடுத்த எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்தை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நீளமான சொல்லின் முடிவுக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். பார்வையின் வலப்பாதி போனது இன்னொரு தொல்லை. தமிழில் ஒரு சொல்லின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, வருவாரா வரமாட்டாரா என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியும். எனக்கோ சொற்களின் கடைசி இருட்டுக்குள் இருந்தது. 'வரமாட்டார்கள்' என்று அச்சிட்டிருந்தால் 'வர' என்று கண்டு, வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நிலையில்தான் ஆஸ்பத்திரி கிளினிக்கில் பேச்சு சிகிச்சை செய்யும் பெண்ணிடம் என்னை அனுப்பினார்கள். முப்பது வயதுக்குள் இருப்பார். கந்தளாயைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களோடும் திக்கிப் பேசும் சின்னப் பிள்ளைகளோடும்தான் அவருடைய வேலை. எல்லாரையும்போல நானும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். தமிழ் கதைப்பார், கொஞ்சம் தடுக்கித் தடுக்கி.

முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா, ஒண்டு சொல்ல வேணும். எனக்குத் தமிழ் கதைக்க ஏலும். வாசிக்க அவ்வளவு ஏலாது. இப்பதான் படிக்கிறன். சோதினை ஒண்டு இருக்கு, அரசாங்க வேலைக்குத் தமிழும் பாஸ் பண்ண வேணும். உங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டா, மட்டக்களப்பில ஒரு மிஸ் இருக்கிறா, கேட்டுப் பாக்கலாம்."

மட்டக்களப்புக்குக் கிழமைக்கு ஒருமுறை போய்வருவது எங்களால் முடியாத காரியம். "பரவாயில்லை மிஸ், எனக்கும் வாசிக்க ஏலாதுதானே" என்றேன். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு நான் சிரித்த முதல் தடவை அதுவாக இருக்க வேண்டும்.

பெரிய எழுத்தில் அச்சிட்ட சொல் அட்டைகளை மேசையில் வைத்து இருவரும் வாசிக்கத் தொடங்கினோம். அவர் எழுத்துக் கூட்டுவார், நானும் எழுத்துக் கூட்டுவேன். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருநாள் ஒரு அட்டையைக் கண்டு இருவரும் ஒரே நேரத்தில் "மாம்" என்றோம். மாம் என்றால் என்ன? அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். வாசலில் இருந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "மரம்" என்றார்.

நடு எழுத்து ரகரம். நாங்கள் அதை அரவு என்று எடுத்துவிட்டோம், 'மா' என்ற எழுத்தில் வருகிறதே அந்தக் கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடியில் ஒரு சின்ன வெட்டு மட்டுந்தான் வித்தியாசம். சில அச்சில் அதுவும் தெரியாது. இத்தனை வருடம் அச்சகத்தில் இருந்தும் அவை இரண்டும் இவ்வளவு ஒத்தவை என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனிக்கத் தேவையிருக்கவில்லை. சொல்லைத் தெரிந்த கண்ணுக்கு அங்கே வேறொன்றும் வர இடமில்லை. மிஸ்ஸுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை, எனக்கு இருந்தது போய்விட்டது. அந்த மேசையில் நாங்கள் இருவரும் ஒரே படியில் நின்றோம். ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

கொம்பும் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 'கோழி' என்ற சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பை. ஆனால் வாய் சொல்ல வேண்டியது ககரத்தை. கொம்பைக் கண்டு காத்திருக்க வேண்டும், ககரத்தைக் காண வேண்டும், பிறகு அரவு வருகிறதா என்று அதற்கும் அப்பால் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் 'கோ' என்று சொல்லலாம். "சிங்களத்திலயும் இப்பிடித்தான் அக்கா, கொம்பு முன்னுக்கு வரும். சின்னனில எப்பிடிப் பழகினன் எண்டு ஞாபகமே இல்லை" என்றார் மிஸ்.

அவர் எனக்குக் காட்டித்தந்த வழிகள் இரண்டு. ஒன்று, வரியின் வலக்கோடியில் என் இடது கைச் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு, விரல் தெரியும்வரை கண்ணைத் தள்ளிக்கொண்டு போவது. இருட்டுக்குள் இருந்த வாலெல்லாம் அப்படித்தான் மெல்ல வெளியே வந்தது. மற்றது, தெரியாத எழுத்தை விரலால் மேசையில் எழுதிப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் கை எழுதிப் பார்த்தால் கைக்குத் தெரியும். "உங்கட கைக்கு ஒண்டும் நடக்கேல்லைதானே அக்கா, கையால வாசியுங்கோ" என்பார். பஸ்ஸில், தேவாலயத்தில், கிளினிக்கில் காத்திருக்கும் வாங்கில், எங்கே இருந்தாலும் என் விரல் மடியில் எழுதிக்கொண்டேயிருந்தது. பூசை நேரத்தில் பக்கத்திலிருந்த ஒரு பெண், "ஏன் அக்கா சொறியிறீங்கள், நுளம்பு கடிச்சதா?" என்று கேட்டாள்.

அச்சகத்துக்கு நான் திரும்பப் போகும் எண்ணத்தை விட்டிருந்தேன். பிழை திருத்த வாசிக்கத் தெரியாத ஆளை எதற்கு வைத்திருப்பது? ஒரு பின்னேரம் நாநா வீட்டுக்கு வந்தார். கையில் பழங்களும் ஒரு கடதாசிப் பையும். பையைத் திறந்தால் கலியாணக் கார்ட்டின் மாதிரி ஒன்று.

"இத ஒருக்காப் பாத்துத் தாங்க தங்கச்சி."

"நாநா, பகிடி விடுறீங்களா? ஒரு வரி வாசிக்க எனக்கு எவ்வளவு நேரம் போகுது தெரியுமா?"

"போகட்டுமே. நாளைக்கு வந்து எடுக்கிறன். அவசரமில்ல."

அவர் போன பிறகு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தேன். விரலை வலக்கோடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். கணவர் தேநீர் வைத்துத் தந்தார், அது ஆறிப்போனது. மூன்றாம் வரியில் நின்றேன். திரும்பவும் தொடக்கத்திலிருந்து வந்தேன். 'ஞாயிறுக்கிழமை' என்று இருந்தது. நடுவில் ஒரு றகரம் குற்றோடு, அதாவது மேலே புள்ளியோடு, வரவேண்டும், வரவில்லை. அதற்குக் கீழே, மணமகனின் பெயருக்கு முன்னால், 'மணமகள்' என்று இருந்தது. கடைசி எழுத்து மாறியிருந்தது.

அடுத்த நாள் நாநாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"நானும் பாத்தன், அந்தப் புள்ளையும் பாத்தா, பொண்ணுட வாப்பாவும் பாத்துக் கையெழுத்துப் போட்டார். ஒருத்தருக்கும் தெரியல்லையே!"

"உங்களுக்கெல்லாம் வாசிக்கத் தெரியும் நாநா, அதாலதான் தெரியேல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்டு கண் தானாச் சொல்லிப்போடும். எனக்கு இப்ப அப்பிடிச் சொல்லுறதுக்கு ஆளில்லை. கிடக்கிறதைத்தான் வாசிக்கிறன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு கார்ட்டுக்கு ஒரு மாலை தேவைப்படும் ஆளால் ஒரு புத்தகத்தைத் திருத்த முடியாது. அது நாநாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்வெட்டுகளுக்கும் பாடசாலை மலர்களுக்கும் அவர் வேறு ஒருவரை எடுத்தார், எடுக்கத்தான் வேண்டும். கார்ட்டுகளையும் ஒரு பக்கத் துண்டுகளையும் எனக்கென்று ஒதுக்கி, என் பழைய மேசையை அப்படியே விட்டுவைத்தார். ஒருமுறை மட்டும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க தங்கச்சி, பிழையா அச்சிட்டுப் போட்டு எரிக்கிற கார்ட்டுக் கொறஞ்சிருக்கு, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்று முடித்துவிட்டார்.

மழைக்காலம் முடிந்த சமயம் மிஸ் தமிழ்ச் சோதனை எழுதினார். அதற்கு முன் வந்த கிழமைகளில் அவர் என்னை முந்திப் போவது தெரிந்தது. மேசையில் அட்டையை வைத்தால், நான் இரண்டாம் எழுத்தில் நிற்கும்போது அவர் சொல்லின் முடிவில் நிற்பார். பிறகு கூட்டுவதையே விட்டுவிட்டார், பார்த்ததும் சொன்னார். நான் காத்திருந்து வாசித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பார். ஒரு மனிதருக்குள் அந்தக் கண் திறப்பதை எதிரே இருந்து பார்த்தவள் நான். எனக்கு ஆறு வயதிலோ ஏழு வயதிலோ அது நடந்திருக்கும். அது நடந்தபோது நான் அறியவில்லை. இப்போது இன்னொருவரிடம் கண்டேன். பொறாமை வந்ததா என்றால், ஒரு துளி வந்தது. அதைவிட மகிழ்ச்சிதான் பெரிதாக இருந்தது.

அவர் பாஸ் பண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் கந்தளாய்க்குக் கூப்பிட்டார்.

பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். தம்பலகாமம் தாண்டும்போது இருபுறமும் வயல். வெயில் ஏறியிருந்தாலும் காற்று நன்றாக இருந்தது. நான் பின்னால் இருந்து இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனேன், எனக்குத் தெளிவாகத் தெரிகிற பக்கம் அதுதான். வீதியோரம் ஒரு கொட்டில் கடந்து போனது.

"தயிர்!" என்றேன்.

"என்ன, தயிர் வேணுமோ?"

"இல்லை, நிப்பாட்டுங்கோ! பலகையில தயிர் எண்டு போட்டிருந்தது. நான் வாசிச்சனான்!"

அவர் நிறுத்தி, திருப்பி, கொட்டில் வாசலுக்குக் கொண்டுவந்தார். நான் இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்று விரலால் காற்றில் எழுதி எழுத்துக் கூட்டினேன். த, யி, ர். தயிர்தான். ஓடுகிற சைக்கிளில் எழுத்துக் கூட்ட நேரமிருக்கவில்லை. பார்த்தேன், விளங்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொட்டிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கயிற்றில் வரிசையாகத் தயிர்ச் சட்டிகள் தொங்கின.

"இஞ்சாரும், கோபிக்காதேயும். சட்டியைக் கண்டு சொல்லியிருப்பீர்."

எனக்குச் சரியான கோபம். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினோம். அதற்குப் பிறகு நான் பலகைகளைத் தேடத் தொடங்கினேன். ரயர் என்று வாசித்தேன், கடை வாசலில் பழைய வாகன ரயர்கள் அடுக்கியிருந்தன. யானை என்று வாசித்தேன், மஞ்சள் பலகையில் யானையே வரைந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் முன்னாலிருந்து சிரிக்கிறார், தோள் குலுங்குவது தெரிகிறது. நானும் சிரித்துவிட்டேன்.

கந்தளாய்க்குக் கிட்ட வந்தபோது, ஒரு வெறும் நிலத்தின் ஓரத்தில், மரத்தில் அறைந்த சின்னத் தகரம் ஒன்று கடந்துபோனது.

"காணி" என்றேன், மெதுவாக.

அவர் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றி, திரும்பித் தகரத்தைப் பார்த்தார். 'காணி விற்பனைக்கு' என்று இருந்தது, கீழே ஒரு தொலைபேசி இலக்கம். படமில்லை, சட்டியில்லை. புல்லும் ஒரு மரமும் மட்டும். 'விற்பனைக்கு' என்பதை நான் இன்னும் கூட்டித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. காணி தானாக வந்தது.

அவர் தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்து, வியர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தார். "வாரும், மிஸ் சாப்பாட்டோட பாத்துக்கொண்டிருப்பா" என்றார். மிச்சத் தூரம் முழுக்கத் தயிர்ச் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நான் காணி, காணி என்று எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். இந்தச் சொல்லை எத்தனையோ ஆயிரம் தடவை கண்டிருப்பேன். ஒருநாளும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

மிஸ்ஸின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான். மிஸ் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீதியில் நடந்ததைக் கணவர் சொன்னார், சட்டியையும் விடவில்லை. அந்த அம்மா கேட்டுச் சிரித்து, எழும்பி வந்து என் தலையைத் தடவி ஏதோ சொன்னார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"இண்டைக்கு அந்தச் சொல்லு வீட்டுக்கு வந்திருக்கு, நல்லாச் சாப்பாடு குடுங்கோ எண்டு சொல்லுறா" என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. சின்னவை, அடிக்கடி காண்பவை முதலில்: அவர், இது, வீடு, கடல், பஸ். நீளமானவை இன்னும் வரவில்லை. எல்லாம் வராது என்று வைத்தியர் சொல்கிறார், நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு பத்திரிகைச் செய்தியை வாசிக்க எனக்கு இப்போதும் ஒரு காலைப்பொழுது வேண்டும். வாசிப்பேன். முன்பு பத்திரிகையைத் தேநீர் ஆறுமுன் புரட்டி முடித்துவிட்டு, என்ன வாசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் இருப்பேன். இப்போது ஒரு செய்தி வாசித்தால் அது ஒரு கிழமைக்கு என்னோடு இருக்கிறது.

கதைப் புத்தகம் மட்டும் என்னால் முடியவில்லை. எனக்கு அது பெரிய குறை. அதைக் கண்டு என் கணவர், தன் வாழ்நாளில் இயந்திரக் கையேட்டைத் தவிர ஒன்றும் வாசிக்காதவர், நூலகத்தில் அங்கத்துவம் எடுத்து வந்தார். பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசிக்கிறார். பெண் பேசினாலும் ஆண் பேசினாலும் ஒரே குரல்தான். காற்புள்ளியில் நிற்கமாட்டார், மூச்சு முட்டும் இடத்தில் நிற்பார். நான் பக்கத்தில் இருந்து அவர் வாசிக்கும் வரியைக் கண்ணால் தொடர முயல்கிறேன். ஒரு சொல்லைப் பிடிப்பேன், நாலு சொல்லை விடுவேன், திரும்ப ஒன்றைப் பிடிப்பேன்.

போன கிழமை ஒரு கதையின் நடுவில் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டார். என்ன என்று பார்த்தால், உதடு மட்டும் அசைகிறது, கண் பக்கத்தில் ஓடுகிறது.

"என்னப்பா, சத்தமாய் வாசியுங்கோவன்."

"கொஞ்சம் பொறும். அவள் போறாளோ நிக்கிறாளோ எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்."

நான் பொறுத்திருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கு கேட்டது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.